இடது பக்கம் அவுட்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜெர்சன் ஒரு பிரகடனம் செய்தான்.

"ஏளா ஸ்டெபி, நல்லாக் கேட்டுக்கோ. இந்த வீட்டுல இனிமே எந்தச் சாமான் ரிப்பேரானாலும் கடைக்குப் போகாது. என் கைதான் கடை."

அடுப்படியில் கோழி கழுவிக்கொண்டிருந்த ஸ்டெபி எட்டிப் பார்த்தாள்.

"மிக்ஸிக்கும் இதேதான் சொன்னிய. இப்ப அது சட்னி அரைக்க மாட்டேங்கு. காத்து மட்டும் நல்லா வருது."

"அது மிக்ஸியோட கொணம். இது வேற."

'இது' என்று அவன் நீட்டிய கையில் வெள்ளையாக, காதில் செருகிப் பாட்டுக் கேட்கிற ரெண்டு பட்ஸ் இருந்தன. பார்க்க ரெண்டு மக்ரூன் மாதிரியே இருக்கும். அப்படி நினைத்துத்தான் அவர்கள் வீட்டுப் பாப்பா ஒன்றில் பல் பதித்திருந்தாள். ஸ்டெபியின் தம்பி ஆன்டனி அக்கா புருஷனுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தது. அதில் இப்போது வலது பக்கம் மட்டும் பாடுகிறது. இடது பக்கம் ஊமை.

"ஒன் தம்பி தந்ததுல்லா? அதான் பாதி தருது. மீதிய அவன் பாக்கெட்டுலயே வச்சுக்கிட்டான்."

"எந்தம்பி முழுசாத்தான் குடுத்தான். நேத்து மீன் பொரிக்கையில நான்தான் காதுல போட்டிருந்தேன். ரெண்டும் கேட்டுச்சு."

இந்தக் கடைசி வாக்கியம் ஜெர்சன் காதில் விழவில்லை. ஏனென்றால் ஸ்டெபி அவனுடைய இடது பக்கம் நின்று அதைச் சொன்னாள். அவன் வழக்கம்போலத் தலையை ஆட்டி வைத்தான். பெண்டாட்டி பேசுவதில் பாதியைக் கேட்டு மீதிக்குத் தலையாட்டினால் குடும்பம் அமைதியாக ஓடும் என்பது அவன் கொள்கை. வெள்ளிக்கிழமையிலிருந்து கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டிக்கொண்டிருந்தான். அவளும் வெள்ளிக்கிழமையிலிருந்து என்னவோ புதுப் பெண் மாதிரி மினுமினுவென்று திரிந்தாள். நம் முகராசி என்று நினைத்துக்கொண்டான்.

பின்வாசலில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தான். முதலில் ஊதிப் பார்த்தான். பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தான். குண்டூசியால் குத்தினான். டப்பாவில் போட்டு மூடித் திறந்தான். போனில் இணைப்பை அறுத்து மறுபடி சேர்த்தான். பட்டனை அமுக்கிப் பிடித்து மாதாவே என்று கண்ணை மூடினான். கடைசியாக அரிசிப் பானைக்குள் புதைத்து எடுத்தான்.

"அரிசி எதுக்குங்க? அது தண்ணியில விழுந்த போனுக்குல்லா?"

"எனக்குச் சொல்லித் தராத. பத்துப் பாகம், அறுவது அடி ஆழத்துல, மண்ணுக்குள்ள பொதைஞ்சு கெடக்க சங்கக் கால் விரலால தடவி எடுக்கவன் நான். இந்தப் பொடிச் சாமானுக்குள்ள சத்தம் எங்கன ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்க மாட்டேனா?"

"தளவாய் அண்ணாச்சி போன் ரிப்பேர் கடையில குடுத்தா ஒரு நொடியில சொல்லிருவாரு."

"செத்தாலும் குடுக்க மாட்டேன்!"

அவள் உள்ளே போய்விட்டாள். ஜெர்சன் ஒரு யோசனையில் பட்ஸை மாற்றிப் போட்டான். இடதை வலது காதில். வலதை இடது காதில்.

இடது பட்ஸ் கணீரென்று பாடியது. வலது பட்ஸ் ஊமையாகிவிட்டது.

திரும்ப மாற்றினான். மறுபடியும் மாற்றினான். எதை எங்கே மாற்றினாலும் ஊமையாவது ஒரே இடம்தான். அந்த இடம் மச்சினன் வாங்கித் தந்ததில் இல்லை. அவனைப் பெற்றவர்கள் தந்ததில் இருந்தது.

ஜெர்சனுக்கு வியர்த்தது. வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

சங்கு குளிக்கிறவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. சளி பிடித்தவன் இறங்கக் கூடாது. மூக்கு அடைத்திருந்தால் ஆழத்தில் காதின் அழுத்தம் விடாது. ஜவ்வு கிழிந்தால் தலை சுற்றும். மேல் எது, கீழ் எது என்றே தெரியாமல் போகும். வெள்ளிக்கிழமை அவனுக்கு நல்ல சளி. கயிறு பிடித்த ஆன்டனி, "என்ன அத்தான், மூக்க உறிஞ்சுதிய?" என்று கேட்டபோது, "ஒங்கக்கா மொளவாய் வறுத்தா" என்று சொல்லிவிட்டுக் குதித்தான். கீழே போனதும் இடது காதில் 'டொப்' என்று ஒரு சத்தம். அப்புறம் அந்தப் பக்கம் பஞ்சு வைத்த மாதிரி. தண்ணீர் ஏறியிருக்கும், தானாக இறங்கும் என்று விட்டுவிட்டான்.

அந்தக் கரையில் இன்னொரு வழக்கமும் உண்டு. குளிக்கிறவனுக்கு மேலே வள்ளத்தில் கயிறு பிடிப்பவன் மச்சினனாகத்தான் இருப்பான். கூடப் பிறந்தவன் பிடித்தால், பாதி இழுக்கும்போது பாகப்பிரிவினை ஞாபகம் வந்துவிடலாம். மச்சினன் அப்படியில்லை. கயிறு நழுவினால் அக்கா பெட்டி படுக்கையோடு அவன் வீட்டுக்குத்தான் வந்து சேருவாள். அந்தப் பயத்திலேயே உயிரைக் கொடுத்துப் பிடிப்பான். அதனால் கயிறு பிடிப்பவன் சொல்வதுதான் சட்டம். அவன் இறங்காதே என்றால் இறங்க முடியாது.

காது விஷயம் ஸ்டெபிக்குத் தெரிந்தால் ஆன்டனிக்குத் தெரியும். ஆன்டனிக்குத் தெரிந்தால் கயிறு இல்லை. நாளைக்கோ, இத்தனை நாள் அடித்த காற்று ஓய்ந்து தண்ணீர் தெளிந்து, எல்லா வள்ளமும் கடலுக்கடியில் சங்கு கிடக்கிற புதுப் பாருக்குப் போகிற முதல் நாள். ஊரே இறங்கும்போது ஜெர்சன் மட்டும் கரையில் காதைக் குடைந்துகொண்டு நிற்பதா? அதோடு, மச்சினன் வாங்கித் தந்தது நல்ல சாமான்தான் என்று வேறு ஒத்துக்கொள்வதா?

நடக்காது. காது பிழைக்க வேண்டுமென்றால் பட்ஸ் செத்தாக வேண்டும்.

மாதா படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை எடுத்தான். "தாயே, மன்னிச்சிரும்" என்று சொல்லி, இடது பட்ஸின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டான். அது அடங்கியது.

"ஏளா, இங்கன வா. நீயே போட்டுப் பாரு. இடது பக்கம் அவுட்!"

ஸ்டெபி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காதில் வைத்தாள். தலையைச் சாய்த்தாள்.

"ஆமா. ஒண்ணும் கேக்கல."

"பாத்தியா? நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

"நீங்க எதுக்குப் பொய் சொல்லப் போறிய?" என்று அவள் சொன்ன விதம் கொஞ்சம் இனிப்பாக இருந்தது. "சரி, சாயங்காலம் அந்தப் பக்கம் போவேன். அண்ணாச்சிகிட்ட குடுத்துட்டு வாரேன்."

கடைக்குப் போகாது என்ற பிரகடனம் ஜெர்சனின் வாய்வரை வந்தது. ஆனால் செத்தது செத்துவிட்டது. இனி யார் பார்த்தால் என்ன? கோழிக்காலைக் கடித்துக்கொண்டு பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தான்.

சாயங்காலம் ஆன்டனி வந்தான். விடியுமுன்னே கிளம்புவது, கயிறு, கருப்பட்டிக் காப்பி என்று நாளைய பேச்சு ஓடியது. ஜெர்சன் தந்திரமாக அவனைத் தன் வலது பக்கமாகப் பார்த்து உட்கார்த்தியிருந்தான். அந்த நேரத்தில் ஸ்டெபி டப்பாவை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சரியாயிட்டு!"

ஜெர்சனுக்குக் காப்பி புரையேறியது.

"உள்ள மெழுகு இருந்துச்சாம். அண்ணாச்சிக்கே ஆச்சரியம். 'எத்தனையோ காதப் பாத்துட்டேன் தாயி, மெழுகுவர்த்தி ஏத்துன காத இப்பத்தான் பாக்கேன்'னாரு."

"அது... மீன் கொழுப்பா இருக்கும்."

"இருக்கும், இருக்கும். போட்டுப் பாருங்க. வலது வேண்டாம், அது நல்லாத்தான இருக்கு. இடது மட்டும்."

எடுத்து அவளே அவன் இடது காதில் செருகினாள். போனைத் தட்டினாள். ஆன்டனி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான்.

"கேக்கா?"

இங்கேதான் ஜெர்சனின் மூளை படு வேகமாக ஓடியது. அண்ணாச்சி சரிபண்ணியாயிற்று. ஆக, பட்ஸ் பாடும். கேட்கவில்லை என்றால் காது மாட்டிக்கொள்ளும். கேட்கிறது என்றால் காது தப்பிக்கும். இவ்வளவு சுலபமான கணக்கைப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை.

"கேக்காவா? கணீர்னு கேக்கு!"

"சத்தம் கம்மியா இருக்கோ?"

"கம்மியா! கொஞ்சம் கொறை, காது கிழியுது."

"என்ன பாட்டு அத்தான்?" என்றான் ஆன்டனி.

ஞாயிற்றுக்கிழமை. போன் ஸ்டெபியுடையது. ஜெர்சன் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டான்.

"மாதா பாட்டு. நம்ம திருவிழாவுல போடுவாங்கல்லா, அது. இந்தா, இப்ப வயலின் வருது. ஆஹா! இந்தா, பொம்பளப் பிள்ளைய சேந்து பாடுதுவ. நல்ல சாமான் மாப்ள. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

மச்சினனைப் பாராட்டியதும் அவனுக்கே கண் கலங்கியது. கண்ணைத் திறந்தான். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டெபி அவன் காதிலிருந்து பட்ஸை உருவி அதன் மூடியை நகத்தால் நெம்பினாள். அது ரெண்டாகப் பிளந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. புழு போன சிப்பி மாதிரி வெறும் கூடு.

"ஸ்பீக்கர அண்ணாச்சி கழட்டிக் காய வச்சிருக்காரு. நாளைக்குத்தான் மாட்டுவாராம். நீங்க கேட்ட வயலின் எங்கனருந்து வந்துச்சுன்னு அவர்ட்டயே கேக்கேன்."

சாதாரண ஆள் இங்கே சரணடைந்திருப்பான்.

"நான் மனசுல கேட்டேன்," என்றான் ஜெர்சன்.

"அப்ப மனசோடயே நாளைக்கு இறங்குங்க அத்தான். நான் கயித்தப் பிடிக்க மாட்டேன்," என்று ஆன்டனி எழுந்தான்.

"ஏலே மாப்ள! தண்ணி தெளிஞ்சிருக்குல! ஊரே போகுது!"

"தண்ணி நாளைக்கு மறுநாளும் தெளிஞ்சுதான் இருக்கும். ஒங்க காது இருக்குமா? எங்கக்கா என் வீட்டுக்கு வந்தா நான் எங்க போவேன்?"

"ஒனக்கு எப்படிளா தெரியும்?" என்று ஜெர்சன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"வெள்ளிக்கிழம சாயங்காலமே தெரியும். 'காது டாக்டர்கிட்ட போவமா?'ன்னு இடது பக்கம் நின்னு கேட்டேன். தலையாட்டினிய. நீங்களாவது, டாக்டர்ட்ட போகத் தலையாட்டுறதாவது! அப்பமே புரிஞ்சுபோச்சு. 'திங்கக்கிழம டோக்கன் போட்டுரட்டுமா?'ன்னேன். அதுக்கும் ஆட்டினிய."

"தலையாட்டினா சம்மதமா?"

"கோயில்ல கல்யாணத்தன்னைக்குச் சாமியார் கேட்டப்பவும் தலையத்தான ஆட்டினிய? அது செல்லும்னா இதுவும் செல்லும். அப்புறம், 'வண்டிச் சாவி இனிமே என்கிட்ட இருக்கட்டுமா?'ன்னு கேட்டேன்."

ஜெர்சனின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. மாதா உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கோத்திருந்த ஸ்கூட்டர் சாவி. பெற்ற தகப்பனுக்குக்கூடத் தராத சாவி. எல்.எல்.ஆர். எடுத்து வைத்துக்கொண்டு ஸ்டெபி மாசக்கணக்காகக் கேட்டும் கிடைக்காத சாவி.

"நான் ஆட்டல!"

"நல்லா ஆட்டினிய. ஆன்டனி பக்கத்துலதான் நின்னான்."

"நான் பாத்தேன் அத்தான். ரெண்டு தடவ ஆட்டினிய. ஒரு தடவ சிரிச்சுக்கிட்டே."

"நேத்து நீங்க தூங்கையில கடக்கரையில அவன் வண்டியில ஓட்டியும் பழகிட்டேன்," என்று ஸ்டெபி கையை நீட்டினாள்.

திங்கட்கிழமை எல்லா வள்ளமும் கடலுக்குப் போனது. ஜெர்சன் காது டாக்டரிடம் போனான். டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். ஜவ்வு வீங்கியிருக்கிறது, கிழியவில்லை, இன்னொரு தடவை இறங்கியிருந்தால் கிழிந்திருக்கும் என்றார். நான் சொல்கிறவரைக்கும் கடலில் கால்கூட நனைக்கக் கூடாது என்றும் சொன்னார். அதைக் கேட்டு வெளியே வரும்போது ஸ்டெபி சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றியதை ஜெர்சன் பார்த்தான். பார்க்காத மாதிரி வந்தான்.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். அவன் பின்னால், காதில் பஞ்சோடு. எதிரே வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஜெர்சன் மனசுக்குள் இன்னும் தோற்கவில்லை. ஒரு புதுச் சபதம் எடுத்திருந்தான். இனி என்ன வந்தாலும் தலையை மட்டும் அசைக்கப் போவதில்லை.

ஸ்டெபி முகத்தைக் கொஞ்சம் திருப்பி என்னவோ கேட்டாள். இடது பக்கமாகத்தான் கேட்டாள். நீளமான கேள்வி. காற்றோடு போய்விட்டது. ஜெர்சன் உஷாராகி ரெண்டு கையாலும் தன் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்தான்.

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவன் தலையும் கூடவே இறங்கி ஏறியது.

ஸ்டெபி கண்ணாடியில் பார்த்தாள். "ரொம்ப சந்தோஷம்ங்க, அப்ப இன்னைக்கே சொல்லிருதேன்," என்றாள்.