மதர்போர்டுக்கு வைத்த சந்தனம்

செங்கல்பட்டு மாவட்டத்தில், மூடி போட்ட ஒரு பொருளையும் மூடியோடு விட்டுவைக்காத ஒரே மனிதன் பாயிண்ட் டூதான். ஸ்க்ரூ என்பது கழட்டுவதற்காகவே படைக்கப்பட்டது என்பது அவன் சித்தாந்தம். திருப்பி மாட்டுவது அவனைப் பொறுத்தவரை வேறு ஆள் பார்க்க வேண்டிய வேலை.

மறைமலைநகரில் கார் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன இரும்புப் பாகங்கள் செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். இன்னும் இருக்கிறேன். அவன் அங்கே மெயின்டனன்ஸ் செக்‌ஷனில் கான்ட்ராக்ட் ஆள். அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சார், உங்க வாட்ச்சு ரெண்டு நிமிசம் லேட்டா போவுது" என்றான். அடடா, கவனித்துச் சொல்கிறானே என்று கழட்டிக் கொடுத்தேன். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டுவதற்குள் வாட்ச் ஏழு துண்டாக என் கைக்குட்டையில் இருந்தது. "இப்ப ஏன்னு புரிஞ்சிச்சு சார்" என்று திருப்தியாகச் சொன்னான். அவனுக்குப் புரிந்தது, எனக்கு வாட்ச் போயிற்று.

கேன்டீனில் டீ மெஷின் 'கொர்' என்று சத்தம் போடுகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை இருநூறு பேருக்கு டீ இல்லை. "சத்தம் நின்னுபோச்சில்ல?" என்று கேட்டான் மகாபாவி. கேன்டீன் மாஸ்டர் கரண்டியோடு துரத்தினார்.

இவனுக்கும் ஒரு காதல் இருந்தது. பேக்கிங் செக்‌ஷனில் ஸ்டெல்லா. நெம்மேலிப் பெண், ஒரே கம்பெனி பஸ். அவளுடைய டிபன் பாக்ஸின் கிளிப் ஏன் தானாகத் திறந்துகொள்கிறது என்று பார்த்துக் கொடுத்ததில் ஆரம்பித்ததாம். அந்தக் கிளிப்பை மட்டும் ஒழுங்காகத் திருப்பி மாட்டியிருக்கிறான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது சாதாரணக் காதல் இல்லை என்று.

பெண் கேட்டு நெம்மேலிக்கு அவனோடு நானும் போனேன். சொந்தக்காரர்கள் வரமாட்டோம் என்றதால் பெரிய மனுஷன் கணக்கில் என்னை இழுத்துக்கொண்டு போனான். கடல் காற்றில் ஜன்னல் கம்பி முதல் கதவுத் தாழ்ப்பாள் வரை துருப்பிடித்த வீடு. ஸ்டெல்லாவின் அப்பா கொத்தனார், வாட்டசாட்டமானவர். நான் குலம் கோத்திரம், அவர்கள் போகும் வேதக்கோயில், இவன் போகும் முருகன் கோயில் என்று பதவிசாகப் பேச்சை எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் இவன் டிவி ரிமோட்டைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

"நைனா, உள்ள பச்சை புடிச்சி கீது பாருங்க. உப்புக் காத்து."

"அத்த வைய்யி மொதல்ல" என்றார் அவர். "இன்னா வேலை?"

"மெயின்டனன்ஸ்."

"பர்மனென்ட்டா?"

"கான்ட்ராக்ட்டு. மூணு வருசமா."

"பர்மனென்ட் ஆயிட்டு வா. அப்பால பேசலாம்" என்று எழுந்து போய்விட்டார். ஸ்டெல்லா சமையல்கட்டு வாசலில் நின்று இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எதையுமே கழட்டாமல் உட்கார்ந்திருந்தான். பாவமாக இருந்தது.

மறுநாளே மேனேஜரிடம் அவனுக்காகப் பேசினேன். "அடுத்த மாசம் ஆடிட் வருது. அது நல்லபடியா முடியட்டும். உங்க ஆள் பேரை லிஸ்ட்ல சேர்க்கிறேன்" என்றார். ஆடிட் என்றால் வரவு செலவு பார்ப்பதல்ல. எங்களிடம் பாகங்கள் வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, மெஷின்களையும் ரெஜிஸ்டர்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். அவர் முகம் சுளித்தால் ஆர்டர் போயிற்று.

ஒரே ஒரு சிக்கல். என் செக்‌ஷனில் பாகங்களின் அளவைச் சரிபார்க்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதன் மெமரி கெட்டுப்போய், சென்னையிலிருந்து யாரோ செகண்ட்ஹேண்டில் ஒன்று வாங்கி வந்து மாட்டினார்கள். அன்று பிடித்தது சனியன். ஒரு நாளைக்கு மூன்று முறை திரை நீலமாகி நின்றுவிடும். அளவு பார்க்காத பாகங்கள் மலையாகக் குவியும். எத்தனை மணிக்கு நின்றது என்று நான் ஒரு ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டே வந்தேன். ஆடிட்டர் முன்னால் அது நீலமானால் பாயிண்ட் டூவின் கல்யாணமும் கூடவே நின்றுவிடும்.

இந்த நிலைமையில்தான் ஆயுதபூஜை வந்தது. எல்லா மெஷினையும் துடைத்து, காற்றடித்து, பொட்டு வைத்து, பூ போட்டு, பொரி கடலை சுண்டலோடு பூஜை. சந்தனக் கிண்ணம் என் கையில். இவன் வழக்கம் போல அந்தக் கம்ப்யூட்டரின் பக்கமூடியைக் கழட்டித் தூசி ஊதிவிட்டு, மூடியை மாட்டாமல் பூசணிக்காய் உடைப்பதை வேடிக்கை பார்க்கப் போய்விட்டான்.

நான் யோசித்தேன். மற்ற மெஷினுக்கெல்லாம் வெளியே வைக்கிறோம். இதற்குத்தான் உள்ளேயே கோளாறு, சாமி உள்ளே போய்ப் பார்க்கட்டுமே! மெமரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் காலி இடமாகத் தெரிந்தது. பெரிதாக ஒரு அப்பு அப்பினேன். நடுவில் குங்குமம். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பூஜை முடிந்து ஓர் அவசர லோடு அனுப்ப வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டோம். ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை! மேனேஜர் கற்பூரத் தட்டோடு இன்னொரு முறை வந்து அதற்கு மட்டும் தனியாக ஆரத்தி காட்டினார். மதியம் ஒரு மணிக்கு மறுபடியும் திரை நீலமாயிற்று.

"சாமி அருள், அவ்வளவு நேரம் ஓடினதே பெரிசு" என்றேன்.

"அது கரீட்டு சார். ஆனா சாமி ஏன் ஒரு மணிக்குக் கெளம்பிப் போச்சு?" என்றான் இவன்.

எல்லோரும் சுண்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். இவன் கிளம்பவில்லை, இவனை விட்டுவிட்டு நானும் போகவில்லை. உள்ளே தலையை விட்டுச் சந்தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "காலைல ஈரமா இருந்துச்சு. இப்ப காஞ்சி கீது" என்று முணுமுணுத்தான். ஒரு சொட்டுத் தண்ணீரை விரலில் தொட்டு அதன் மேல் வைத்தான். கம்ப்யூட்டரைப் போட்டான். வோல்ட் அளக்கும் மீட்டரின் முனைகளை உள்ளே எங்கோ வைத்தான்.

"யோவ் சார்!" என்று அலறினான். அதுவரை என்னை யோவ் போட்டதில்லை. "காஞ்சா ஒண்ணு பாயிண்ட் எட்டு. நனைஞ்சா ரெண்டு! பாயிண்ட் டூ ஏறுது சார்! பாயிண்ட் டூ!"

அன்றிலிருந்து அவன் பெயர் பாயிண்ட் டூ. அம்மா அப்பா வைத்த பெயரைச் சம்பளச் சீட்டில்தான் பார்க்கலாம்.

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. உட்காரவைத்துச் சொன்னான். மெமரிக்கு எவ்வளவு வோல்ட் கொடுப்பது என்பதைப் பக்கத்தில் இருக்கிற கடுகு மாதிரி ஒரு ரெசிஸ்டரை வைத்துத்தான் மதர்போர்டு முடிவு செய்கிறதாம். அதன் தடை குறைந்தால் வோல்ட் ஏறும். "ரேசன் கடைல ரெண்டாவது கவுன்ட்டர் தொறந்தா இன்னாவும்? கூட்டம் சரசரன்னு போவும்ல? உங்க ஈரச் சந்தனந்தான் சார் அந்த ரெண்டாவது கவுன்ட்டரு. காஞ்சதும் கவுன்ட்டர மூடிட்டாங்க."

"ஆனால் வோல்ட் ஏறினால் எதற்கு நன்றாக ஓட வேண்டும்?"

மெமரியைக் கழட்டி என் மூக்குக்கு நேரே பிடித்தான். அதில் ஒட்டியிருந்த லேபிளில், எறும்பெழுத்தில், 2.0 வோல்ட் என்று இருந்தது. வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்காகச் செய்த மெமரியாம். கொஞ்சம் கூடுதலாகத் தீனி கேட்குமாம். எங்கள் போர்டோ எல்லா மெமரிக்கும் 1.8தான் கொடுக்கும்; மாற்றிவைக்க அதில் வழியே கிடையாது. லேபிளை விற்றவன் படிக்கவில்லை, வாங்கியவன் படிக்கவில்லை, தினமும் அதன் எதிரே உட்கார்ந்து மூன்று வேளை திட்டிய நானும் படிக்கவில்லை. அரைவயிற்றோடு வேலை செய்ய முடியாமல்தான் அது மயங்கி மயங்கி விழுந்திருக்கிறது.

"அப்போ தினமும் சந்தனம் அரைக்கணுமா?"

"வாணாம்" என்றவன் என் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினான். சந்தனத்தைப் பதமாகத் துடைத்து எடுத்துவிட்டு, அந்தக் கடுகு ரெசிஸ்டரின் முதுகில் பென்சிலால் மெல்லத் தேய்த்தான். பென்சில் கரியிலும் கரண்ட் போகுமாம், அது காயவும் காயாதாம். தேய்ப்பான், மீட்டரைப் பார்ப்பான், கொஞ்சம் அழிப்பான், மறுபடியும் தேய்ப்பான். ஜாஸ்தியாகத் தேய்த்தால் மெமரி கருகிவிடும் என்றான். நாக்கைத் துருத்திக்கொண்டு அவன் கோடு போட்ட அழகைப் பார்க்க வேண்டுமே, பச்சைக் குழந்தைக்கு மை வைக்கிற மாதிரி இருந்தது. சரியாக 2.0 வந்ததும் நிமிர்ந்தான்.

அதற்குப் பிறகு என் ரெஜிஸ்டரில் எழுத ஒன்றுமில்லை. நாள் நாளாக வெற்றுப் பக்கம். மேனேஜர் பூஜையின் மகிமை என்று நம்பினார். நாங்களும் நம்ப விட்டோம். பாயிண்ட் டூவிடம் சொல்லிச் சொல்லி வைத்தேன்: "டேய், ஆடிட் அன்னிக்கு வாயைத் திறக்காதே. கேட்டால் தெரியாதுன்னு சொல்லு."

"கம்முனு இருந்துடறேன் சார். ஸ்டெல்லா மேல சத்தியம்" என்றான்.

ஆடிட்டர் வந்தார். மெலிந்த மனிதர், பேச்சும் மெலிந்ததுதான். கம்ப்யூட்டர் காலையிலிருந்து ராஜா மாதிரி ஓடியது. மாலையில் கையெழுத்துப் போடப் போகிறார், மேனேஜர் பிஸ்கட் தட்டை நகர்த்துகிறார், அப்போது பாழாய்ப்போன என் ரெஜிஸ்டரைப் புரட்டினார்.

"ஆயுதபூஜை வரைக்கும் தினம் மூணு தடவை நின்னிருக்கு. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட இல்லை. என்ன பண்ணீங்க?"

"நல்லா பராமரிக்கிறோம் சார்" என்றார் மேனேஜர்.

"அதான், என்ன பண்ணீங்க?"

பாயிண்ட் டூவைப் பார்த்தேன். கொதிக்கும் குக்கர் மாதிரி நின்றுகொண்டிருந்தான். வேண்டாம்டா என்று கண்ணால் கெஞ்சினேன். மூன்று வருஷத்தில் அவன் செய்த வேலையைப் பற்றி "என்ன பண்ணீங்க" என்று கேட்ட முதல் பெரிய மனிதர் அவர். எப்படித் தாங்குவான்?

"சார், காட்டட்டா?" என்றான். ஸ்க்ரூடிரைவர் ஏற்கெனவே கையில் இருந்தது.

பத்து நிமிஷம் இரண்டு தலைகளும் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. "ஓஹோ... அப்படியா... இந்த ரெசிஸ்டரா?" என்று ஆடிட்டரின் குரல் வந்துகொண்டே இருந்தது. ஆஹா, தப்பித்தோம் என்று நினைத்தேன். அவர் வெளியே வந்தார், கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார், "பிரமாதமா கண்டுபிடிச்சிருக்கப்பா" என்று அவன் தோளைத் தட்டினார். பிறகு உட்கார்ந்து, அளவு பார்க்கும் மெஷினில் அனுமதியில்லாமல், எழுத்தில் பதியாமல், பென்சிலால் மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது என்று எழுதினார்.

அவர் போனதும் மேனேஜர் எங்கள் இருவரையும் நிற்கவைத்தார்.

"இதுல யார் யார் கை வெச்சது?"

"நான் மட்டுந்தான் சார்" என்றான் பாயிண்ட் டூ.

"போர்டுல குங்குமக் கறை இருக்கே, அது?"

"அதுவும் நான்தான்."

நான் ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பர்மனென்ட் ஆள், பதினெட்டு வருஷ சர்வீஸ், வாயில் கொழுக்கட்டை. அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் அவன் இடம் காலி. அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை.

அடுத்த வாரம் வெளியிலிருந்து ஓர் இன்ஜினியரை வரவழைத்தார்கள். அவர் பென்சில் கரியைச் சுத்தமாக அழித்தார். அதே இடத்தில் குட்டியாக ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தார். எவ்வளவு ஏற்றினார் என்கிறீர்கள்? பாயிண்ட் டூ. அதற்கு ஒரு ஃபைலும் போட்டு, மேனேஜர் கையெழுத்தும் வாங்கினார்; அந்த ஃபைலைக் காட்டித்தான் ஆர்டர் தப்பியது.

கல்யாணம் நடக்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஸ்டெல்லா அப்பாவிடம் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாளாம்: "வேலை போவும் வரும் நைனா. கம்முனு இருந்தா பர்மனென்ட் ஆவலாம்னு தெரிஞ்சும் பொய் சொல்ல வராத ஆளு எனக்கு எங்க கெடைக்கும்?" கொத்தனார் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் சரி என்றார். திருப்போரூரில் ஒரு ரிப்பேர் கடை பிடித்தான் பாயிண்ட் டூ. திருப்பி மாட்டுகிற வேலையை ஸ்டெல்லா பார்த்துக்கொள்கிறாள்.

நெம்மேலி சர்ச்சில் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தி முடிந்து அவனைத் தனியாக இழுத்துப் போனேன். நான்கு நாளாக ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "டேய், அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்டா. என்னை மன்னிச்சுடு" என்றேன், கண் கலங்கிவிட்டது.

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "இன்னா சார் நீங்க? நீங்களும் சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் அனுப்பியிருப்பாங்க. அப்பால அந்த மெஷின யாரு பாத்துக்கறது? நீங்க கீறீங்கன்ற தெகிரியத்துலதான நான் கம்பெனி கேட்டத் தாண்டுனேன்" என்றான்.

ஆறு வருஷம் ஆயிற்று. புது கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று மேனேஜர் இரண்டு முறை சொல்லிவிட்டார், நான் பிடிகொடுக்கவில்லை. காலையில் போனதும் முதல் வேலையாக அதைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன், வேறு யாரையும் தொட விடுவதில்லை.