மணமேடையில் புல் மேய்ந்தவர்

புல்லைத் தின்று பார்த்துப் பெயர் சொல்லும் மனிதர் நாமக்கல் மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில் வந்து வாய்த்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பட்டறை வைத்திருந்தார். பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் மேய்ச்சலண்ணன்.

எதிர்வீட்டுக்காரர் ஆசையாகப் புல்வெளி போட்டார். பார்க்கப் போன அண்ணன் மண்டியிட்டுக் குனிந்து ஒரு வாய் கடித்தார். வீட்டம்மாள் வலிப்பென்று நினைத்து இரும்புச் சாவியோடு ஓடிவந்தார். பாதிக்குப் பாதி விரல்புல், மாட்டுக்குப் போட்டால் பால் கூடும் என்று மென்றபடியே சொன்னார் அண்ணன். மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் தன் எருமையைக் கொண்டுவந்து அதில் கட்டிவிட்டார்.

இவருக்கு என் கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டாமென்று அப்பாவிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். வைத்தார்.

முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களை நடத்திவைக்கும் அருமைக்காரர், அருகம்புல்லை எடுத்து எங்களை வாழ்த்தக் கை நீட்டினார். அந்தக் கையிலிருந்து புல்லைப் பிடுங்கிப் பாதியை வாயில் போட்டுக்கொண்டார் மேய்ச்சலண்ணன்.

நாதஸ்வரம் நின்றது. மாமனாருக்குத் திறந்த வாய் திறந்தபடி. இந்தக் குடும்பத்திலா வந்து விழுந்தோம் என்பதுபோல் பெண் என்னைப் பார்த்தாள்.

"இது அருகு இல்லீங்க," என்றார் அண்ணன் சாவகாசமாக. "அருகுன்னா கதிரெல்லாம் ஒரே எடத்துல இருந்து விரியும். இதுல ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. எலையும் அகலம், அடியில முடியாட்டஞ் சுனை வேற. மாட்டுக்கு அமிர்தமுங்க. ஆனா ஒரு போகத்துல காஞ்சு போயிரும். இதைய வெச்சா புள்ளைங்கள வாழ்த்துவீங்க?"

மண்டபத்துப் புல்வெளியில் யாரோ அவசரத்துக்குப் பிடுங்கி வந்த புல் அது. 'அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்த வாயெடுத்த அருமைக்காரர் மூடிக்கொண்டார். அண்ணன் வெளியே ஓடினார். மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். மற்ற எல்லாரும், நானே கடித்ததுபோல் என்னைப் பார்த்தார்கள்.

முகூர்த்தம் முடியும் தறுவாயில் வந்து சேர்ந்தார். வேட்டியெல்லாம் சேறு, நகக்கண்ணில் ரத்தம். அருகு லேசில் வராதாம்; லாரி நிறுத்தும் இடத்தில் வெறுங்கையால் தோண்டியிருக்கிறார். வாழ்த்து வாங்கித் தாலி கட்டினேன். பழைய புல்லை எருமைக்கென்று துண்டில் முடிந்துகொண்டு அண்ணன் பந்திக்குப் போனார்.

மீந்த அருகை எங்கள் வாசலில் நட்டதும் அவர்தான். இப்போது பெங்களூரில் மகனுடைய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். போன் செய்தால் எங்களை நலம் விசாரிப்பதே இல்லை.

"அருகு எப்படி இருக்குது சாமி?"

"சிமெண்டையே பேத்துக்கிட்டு வருதுங்கண்ணா."

"அது போதுஞ்சாமி."

நானும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசாத நாளிலும், அவர் போன் வந்துவிட்டால், யாராவது ஒருவர் எழுந்துபோய் அந்த அருகுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவோம்.