மேலே எடுக்கும்போது

வீடு கட்டுகிறவர்களில் பல ரகம் உண்டு. கட்டி முடிக்கிறவர்கள், கட்டி முடிக்க முடியாமல் விழிக்கிறவர்கள், அடுத்தவன் கட்டுவதைக் கைகட்டி நின்று பார்த்து "ஜல்லி பத்தாதே" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள். இவர்களையெல்லாம் விட்டுத்தள்ளுங்கள். இன்றைக்கு நாம் பார்க்கப்போவது வேறொரு ரகம். விட்டு வைக்கிறவர்கள். இவர்களைக் கண்டுபிடிக்க நீங்கள் அலைய வேண்டியதில்லை. தெருவில் நின்று கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். மொட்டை மாடியின் மூலைக்கு மூலை, எண்ணெய் காணாத தலைமுடி மாதிரி, இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கின்றனவா? அவ்வளவுதான். அந்த வீட்டுக்குள் ஒருவர் இருக்கிறார்.

"மேலே எடுக்கும்போது வேணுமில்ல?" என்பதுதான் அவர் பேச்சின் முதலும் முடிவும். மேலே எடுப்பது என்றால் மாடி கட்டுவது. யார் கட்டுவார்? பிள்ளை கட்டுவான். எப்போது? அதையெல்லாம் கேட்கக்கூடாது.

நம் ஆளுக்கு 'கம்பி வீட்டுக்காரர்' என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. தபால்காரர் முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை, "கம்பி வீட்டுக்கு எதிர் வீடு, கம்பி வீட்டிலிருந்து மூணாவது வீடு" என்றுதான் வழி சொல்வார்கள். இதில் அவருக்கு வருத்தமா என்று கேட்டால், கிடையவே கிடையாது. மனிதர் அதை ஒரு பட்டமாகவே வைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது தூண், தூணுக்கு ஆறு கம்பி, ஆக ஐம்பத்து நான்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் பால் கரைத்து எடுத்துக்கொண்டு, வீட்டின் பின்பக்கம் சாய்த்து வைத்திருக்கும் இரும்பு ஏணியில் ஏறுவார். ஏணி எதற்கு, படிக்கட்டு இல்லையா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. படிக்கட்டு மேலே எடுக்கும்போது வரும். அதுவரை ஏணி. ஏறியதும் கம்பிகளை எண்ணுவார். யாரோ நடுவில் வந்து பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்ற பயமோ என்னவோ. பிறகு ஒவ்வொன்றாகத் துரு சுரண்டி, சிமெண்ட் பால் பூசி, தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்து, சணல் போட்டுக் கட்டுவார். கட்டிக்கொண்ட மனைவிக்கு, வீடு கட்டின இந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள் தலைவலித் தைலம் தேய்த்துவிட்டிருப்பாரா? அது நமக்குத் தெரியாது.

வீட்டுக்குள் வாருங்கள், பார்த்து வாருங்கள். ஹாலில் விருந்தாளி சாய்ந்து உட்காரும் இடத்தில், சுவரிலிருந்து ஒரு குழாய் மூடி போட்டுக்கொண்டு நீட்டியிருக்கும். உட்கார்ந்தவர் நெளிந்தால், "அது மேல் மாடி பாத்ரூமுக்கு" என்று அறிமுகம் செய்துவைப்பார். கூரையில் நாலு இடத்தில் ஒயர்கள் டேப் சுற்றித் தொங்கும். அவற்றுக்கும் கீழ்வீட்டுக்கும் சம்பந்தமில்லை. இதற்கெல்லாம் மேலாக, பீரோவில் ஒரு தகரக் குழல், அதற்குள் சுருட்டி வைத்த வரைபடம். மாடியில் பிள்ளைக்கு ஒரு படுக்கையறை, ஒரு பால்கனி, பேரன் படிப்பதற்கு ஒரு தனி அறை. அதை வரையச் சொன்னபோது பிள்ளைக்கு வயது பதினொன்று. ஆறாம் வகுப்பில் கணக்கில் தடுமாறிக்கொண்டிருந்தான்.

இந்தப் பழக்கம் அவருக்கு வானத்திலிருந்து குதிக்கவில்லை. அவருடைய அப்பா இதே மனையில் இரண்டு அறை ஓட்டு வீடு ஒன்று கட்டியிருந்தார். கட்டும்போதே பக்கச் சுவரின் ஓரத்தில் ஒரு செங்கல் உள்ளே, ஒரு செங்கல் வெளியே என்று பல் விட்டு வைத்தார். பிற்காலத்தில் மகன் இன்னொரு அறை சேர்த்தால் சுவரோடு சுவர் கவ்விக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். "எங்கப்பா எனக்குப் பல் விட்டார், நான் என் பிள்ளைக்குக் கம்பி விட்டிருக்கேன்" என்று நம் ஆள் மார்பைத் தொட்டுக்கொண்டு சொல்வார். கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். இந்தக் கதையில் அவர் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் சொல்லாமல் தாண்டிவிடுவார். அது தானாக வரும், பொறுங்கள்.

இனி சமையலறை. இங்கேதான் வம்பு.

சமையலறையின் கிழக்குச் சுவரில் ஜன்னல் இல்லை. அந்தச் சுவருக்கு வெளியே மூன்றடி அகலத்துக்கு இடம் சும்மா கிடக்கிறது, ஏனென்றால் அங்கேதான் படிக்கட்டு வரப்போகிறது. மற்ற மூன்று பக்கமும் அறைகள். அதனால் பட்டப்பகலில், வெளியே வெயில் பல்லைக் காட்டும்போதுகூட, வீட்டுக்காரம்மாள் ட்யூப் லைட் போட்டுத்தான் வெங்காயம் நறுக்க வேண்டும். கரண்ட் போனால் கத்தியையும் காயையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். புகை போக வழியில்லாமல் இருமி இருமி அந்த அம்மாளுக்குக் குரலே கொஞ்சம் கட்டைக்குரலாகிவிட்டது.

"என்னங்க, ஒரே ஒரு ஜன்னல். ரெண்டடிக்கு மூணடி போதும்."

"அந்தச் சுவத்துல படிக்கட்டு வருது. படி ஏறுறவன் எல்லாம் உன் அடுப்பை எட்டிப் பாத்துட்டுப் போவானா?"

"யாரு ஏறப் போறா?"

"உன் பிள்ளைதான்."

"என் பிள்ளை எட்டிப் பாத்தா பாத்துட்டுப் போறான். என்ன குறைஞ்சு போச்சு?"

"மேலே எடுக்கும்போது பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஏணிப் பக்கம் நடந்துவிடுவார். இந்த உரையாடல் வருஷத்துக்கு நாலு தடவை வீதம் இருபத்திரண்டு வருஷம் நடந்தது. ஒரு வார்த்தை கூடியதில்லை, குறைந்ததில்லை.

போன மழைக்குச் சமையலறைக் கூரையில் ஒரு கறுப்புத் திட்டு வந்தது. பிறகு அது வளர்ந்தது. ஒருநாள் காரை உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து, கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தின் மூடிமேல் டமால் என்று விழுந்தது. வீட்டைக் கட்டின அதே மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவர் ஏணியில் ஏறி, பாலிதீன் பைகளைப் பிரித்து, கம்பியின் அடியில் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். முகம் சரியில்லை.

"ஐயா, பாக்க நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. ஆனா கம்பியோட காலடி வழியாத்தான் தண்ணி இறங்குது. உள்ள துரு ஏறி, ஊதி, தூணையே வெடிக்க வைக்குது. அறுத்துட்டு மேல பூசி மூடிட்டா கீழ இருக்கிற வீடு தப்பிக்கும்."

"அறுத்துட்டா மேலே எப்படிய்யா எடுக்கறது?"

"அறுக்காம விட்டா கீழ ஒண்ணும் மிஞ்சாதே ஐயா."

நம் ஆள் பிள்ளைக்குப் போன் போட்டு, "உடனே கிளம்பி வா, வீட்டு விஷயம்" என்றார். அவன் வெளியூரில் வேலையில் இருப்பவன், முப்பத்து மூன்று வயதுக்காரன், ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி மறுநாளே வந்து நின்றான். வந்தவனை உட்காரவைத்து, மேஜைமேல் வரைபடத்தை விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் நாலு மூலையிலும் நாலு டம்ளர் வைத்தார். இவ்வளவு வருஷமும் அவர் காத்துக்கொண்டிருந்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். 'இப்பவே கட்டிடலாம்ப்பா' என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐம்பத்து நான்கு கம்பியும் பிழைக்கும்.

பிள்ளை ரொம்ப நேரம் பார்த்தான். பேரன் படிக்கும் அறைமேல் விரலை வைத்துத் தடவினான். நல்ல பிள்ளை, மனசு நோகச் சொல்ல வராது அவனுக்கு. ஆனாலும் சொல்லித்தானே ஆகவேண்டும்?

"அப்பா, நாங்க இங்க வந்து இருக்கப் போறதில்லப்பா. எனக்கு அங்கதான் வேலை, அவளுக்கும் அங்கதான். அறுத்துடச் சொல்லுங்க."

"நீ வரலைன்னா என்னடா? நாளைக்கு உன் பொண்ணு வருவா. எங்கப்பா எனக்குப் பல் விட்டாரு, நான்..."

"தாத்தா பல் விட்டாரு, சரி. அதுல நீங்க ஒரு செங்கலாவது சேத்தீங்களா? மொத்த வீட்டையும் இடிச்சுட்டுத்தானேப்பா இதைக் கட்டினீங்க? நான் பாத்தேனே. அந்தப் பல்லுதான் முதல்ல விழுந்தது."

இதுதான் அவர் தாண்டிவிடுகிற அந்தச் சின்ன விஷயம். அவருக்கு, அப்பா ஆசையாக விட்டு வைத்த பற்களைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்தபோது தானே பக்கத்தில் நின்று, "சீக்கிரம் ஆகட்டும்" என்று விரட்டியது ஞாபகம் வந்தது. டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். வரைபடம் தானே சுருண்டுகொண்டது.

மறுநாள் மேஸ்திரி அறுக்கும் இயந்திரத்தோடு வந்தார். கூடவே ஒரு கொத்தனார். "நான் பக்கத்துல இருப்பேன்" என்று நம் ஆளும் மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துகொண்டார். இயந்திரம் கிரீச்சிட்டது, பொறி பறந்தது, கம்பி டங்கென்று விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. வாழ்க்கையில் அந்த அளவுக்கு அவர் துக்கப்பட்ட நாட்கள் கொஞ்சம்தான். அதனால் கீழேயிருந்து வேறொரு சத்தம் வருவதை அவர் கவனிக்கவே இல்லை.

கீழே என்ன நடந்தது? காரை பூச வந்த கொத்தனாரை அந்த அம்மாள் கிழக்குச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே ஒரு காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினார். பின்னால் சுவரில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டிருந்தது. ரெண்டடிக்கு மூணடி. குடிவந்த அன்றைக்கே போட்ட கட்டம். வருஷா வருஷம் பழைய காலண்டர் போகும், புதுக் காலண்டர் வரும், ஆணி மட்டும் மாறாது. வெள்ளை அடிக்கும்போதெல்லாம் மறுபடியும் அளந்து போட்டுவிடுவாராம். விட்டு வைப்பதில் அந்த வீட்டில் நம் ஆள் ஒருவர்தான் கெட்டிக்காரர் என்று நாம் நினைத்தோமே!

"உடைப்பா" என்றார் அந்த அம்மாள்.

"ஐயா கிட்ட ஒரு வார்த்தை..."

"ஐயாதான் படிக்கட்டு வேண்டாம்னுட்டாரே. உடை."

ஐம்பத்து நாலாவது கம்பி விழுந்ததும் நம் ஆள் மெல்ல ஏணியில் இறங்கி, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். வாசலிலேயே நின்றுவிட்டார். சுவரில் பெரிய ஓட்டை, அதன் வழியாக வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பு, அலமாரி, டப்பாக்கள், எல்லாம் புதிதாக வாங்கி வந்தவை மாதிரி இருந்தன. நடுவில் முந்தானையால் தூசியைத் தட்டிக்கொண்டு மனைவி.

கோபமாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"நீ எப்போ இவ்வளவு நரைச்சே?"

"உங்க ட்யூப் லைட்ல எல்லாமே வெள்ளைதான். தெரிஞ்சிருக்காது."

அவருக்கு வெட்கமாக இருந்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது. ஐம்பத்து நான்கு கம்பியில் எது எந்தப் பக்கம் துருப்பிடித்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பார். முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

இத்தோடு கதை சுபமாக முடிந்தது என்று நீங்கள் எழுந்துவிடக்கூடாது. சாயங்காலம் பிள்ளை ஊருக்குக் கிளம்பினான். அம்மா பையில் துணியை அடுக்கிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"ஏண்டா, உன் வீட்டுல மூணு பேரும் ஹால்லயே படுத்துக்கறீங்கன்னு பாப்பா போன்ல சொன்னாளே. ரெண்டு ரூம் இருக்கில்ல?"

"ஒரு ரூம்ல சாமான் கிடக்கும்மா. இன்னொண்ணு பாப்பாவுக்கு. பெயிண்ட் அடிச்சு, மேஜை எல்லாம் போட்டு, பூட்டி வெச்சிருக்கேன்."

"பாப்பாவுக்கு மூணு வயசுதானே ஆகுது?"

"வளர்ந்து காலேஜ் போகும்போது வேணுமில்ல?"

கம்பி வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இரண்டு நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. வீடு பிள்ளை கைக்குப் போகவில்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்தாரே, போகவேண்டியது சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது!

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? உங்கள் மொட்டை மாடியில் கம்பி இல்லை, எனக்குத் தெரியும். வாங்கி ஆறு வருஷமாகியும் பாலிதீன் உறை பிரிக்காத சோபா, யாரோ வரும்போது எடுக்கலாம் என்று பெட்டியோடு இருக்கும் கோப்பைகள், இதையெல்லாம் நான் கேட்கவே போவதில்லை. ஒரே ஒரு விஷயம். உங்கள் வீட்டுச் சுவரில் காலண்டர் எங்கே தொங்குகிறது? யாரும் பார்க்காத நேரமாகப் போய், அதை மெல்லத் தூக்கி, பின்னால் ஒருதரம் பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள்.