வெள்ளித் துகள் வதைப் படலம்

வாழ்க அமுதவல்லி! திருவரங்குளம் ஈன்ற திருமகள்; முனைவர் பட்டத்தை வென்ற பின்னும் வாளை உறையிலிடாது, போஸ்ட்டாக் என்னும் தற்காலிக ஆய்வுப்பணிக் கொடுங்கானகம் புகுந்த மாவீரி; சித்திரை வெயிலில் புதுக்கோட்டைச் சீமையே வெந்துகொண்டிருக்க, குளிரூட்டிய அறைக்குள் கம்பளி சுவெட்டரைக் கவசமெனப் பூண்டவள்; அவள் புகழ் ஓங்குக!

திருமயம் நெடுஞ்சாலையோர ஆய்வு நிலையமொன்றில், ஆளுயரம் கடந்து நின்ற எலக்ட்ரான் நுண்ணோக்கியின் முன் அவள் வீற்றிருந்தாள். பகைவனோ ஒரு வெள்ளித் துகள். கிருமியின் காலடியில் கிடந்தாலும் கிருமிக்கே தென்படாத சிற்றுருவன். அவனை வைர ஊசிமுனையால் அழுத்தி, எவ்வளவு தாங்குவான், எவ்வாறு நெளிவான், விட்டபின் பழைய உருவுக்கு மீள்வானா என்பதைப் படம்பிடிக்க வேண்டும். மறுநாள் கருவி வேறொருவர் வசமாகும். மாதக் கடைசியில் அவள் பணிக்காலமும் முடியும். காட்சி கிட்டாவிடில் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லையேல் அடுத்த வேலையும் இல்லை.

மதகளிற்றின் கொம்பென வைரமுனை இறங்கியது. அந்தோ, துகள் திரையில் நடுநடுங்கியது! அச்சத்தால் அன்று, நிலம் அதிர்ந்ததால். மீண்டும் இறக்கினாள், ஊசி வெறும் வெளியைக் குத்தியது. மீண்டும், துகள் வழுக்கி ஓரம் ஒதுங்கியது.

"மேடம், பக்கத்து வயல்ல போர் போடுறாங்க," என்றார் கருவியைப் பராமரிக்கும் சூசைராஜ்.

போர்! அச்சொல்லின் இரு பொருளும் ஒருங்கே நெஞ்சில் தைக்க, சினவேங்கையெனச் சீறி எழுந்து, கழற்ற மறந்த கவசத்தோடு உச்சிவெயிலில் பாய்ந்தாள். புழுதி மண்டலத்தின் நடுவே, ஆழ்துளை எந்திரத்தருகே, வயலுக்குரிய நல்லதம்பி நின்றிருந்தார்.

"அண்ணே, கொஞ்ச நேரம் மிஷினை நிப்பாட்டுறீங்களா? எங்க மைக்ராஸ்கோப் ஆடுது."

"தண்ணி வருமா வராதான்னு நானே தவிச்சு நிக்கிறேன். எதுக்கும்மா நிப்பாட்டணும்?"

"ஒரு வெள்ளித் துகளை நசுக்கணும்ங்க."

"ஆசாரிகிட்ட குடுத்தா ஒரே தட்டு தட்டிருவாரே!"

"அது கண்ணுக்கே தெரியாதுண்ணே."

நல்லதம்பியின் பார்வை சுவெட்டரில் நெடுநேரம் நிலைத்தது. "காய்ச்சலாம்மா ஒனக்கு? சரி, பயலுக டீ குடிச்சிட்டு வாரவரைக்கும் நிப்பாட்டச் சொல்றேன். வெயில்ல நிக்காம அங்கிட்டுப் போ."

போனாளா? பறந்தாள்! நிலம் அடங்கியது, சூசைராஜ் மூச்சடக்கினார், ஊசி இறங்கியது. எதிர்த்தது வெள்ளி, நெளிந்தது, அப்பளமெனத் தட்டையாகிச் சாய்ந்தது. அவள் ஊசியை உயர்த்தினாள். என்னே விந்தை! மாண்டவன் மெல்லத் திரண்டு, பழைய உருண்டையாய் எழுந்து நின்றான்! ஒருகணம் திகைத்தவள், மறுகணம் மேசையைக் குத்தி ஆர்ப்பரித்தாள். அவள் தேடியதும் இதுவே. காட்சி முழுதும் பதிவாகியிருந்தது. வீழ்த்திய பகைவன் உயிர்த்தெழக் கண்டு களிகூர்ந்த வீரர் வையத்தில் வேறு எவருளர்! முழங்குக முரசு! ஊதுக வெண்சங்கு! எண்டிசையும் அறிக, வென்றனள் அமுதவல்லி!

கேண்டீனில் சாப்பாடு தீர்ந்துபோயிருந்ததால் அவள் பிஸ்கட் வாங்கித் தின்றாள்.