கரண்டி அண்ணனின் அறுபது எம்பி

சாம்பார் வாளியை வைத்து வீடியோவுக்குக் கணக்குப் போட்ட ஒரே மனிதர், மதுரை ஜில்லாவிலேயே எங்கள் கரண்டி அண்ணன்தான்.

இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஆனையூரில் ஒரு விசேஷ வீடியோக் கடையில் சேர்ந்தேன். அவர்தான் அங்கே தலைமை எடிட்டர். கேட்ட அளவுக்குள் ஒரு வீடியோவை அடக்க, விநாடிக்கு எத்தனை பிட் செலவழிக்கலாம் என்று பார்க்க வேண்டும். உலகம் அதை பிட்ரேட் என்கிறது. அண்ணன் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை.

"ஃபைல் சைஸ்தான் அண்டா. நிமிஷமெல்லாம் பந்தியில உக்காந்திருக்க ஆளுக. கரண்டி பெருசா இருந்தா கடைசி இலைக்குச் சாம்பார் இருக்காது. அம்புட்டுத்தான் இன்ஜினியரம்மா!"

சத்தத்துக்கு ஒதுக்குவது ரசம். நான் நோட்டில் ஃபைல் அளவை எட்டால் பெருக்கி விநாடிகளால் வகுப்பதற்குள், அவர் காற்றில் கையால் அள்ளிப் பார்த்து எண்ணைச் சொல்லிவிடுவார். எப்படி என்று தெரிந்துகொள்ள மூன்று மாதம் அந்தக் கையையே பார்த்தேன். பிடிபடவில்லை. ஒரு நிமிடத்தைக்கூட வெட்ட மாட்டார். "பந்தியில உக்காந்தவன எந்திரிங்கலாமா?"

ஒருநாள் காலை மேலூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். மகனின் காதுகுத்து முடிந்திருந்தது. வீடியோ எடுத்தது எங்கள் கடைதான். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவரோ கப்பல் வேலையில் இருந்தார். அதனால் அவர் அனுப்பிய புதுச் சட்டையை அக்காவின் பெரியப்பா மகனுக்குப் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

"மடிய வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்னு தம்பி போனே எடுக்க மாட்டேங்கிறான்ணே. சட்டைய போட்டோ எடுத்து அனுப்புனேன், பொறவு மாட்டி எடுத்ததுன்னு மெயில் போடுறான். முழு வீடியோவும் பாக்கணுமாம். மூணு மணிக்குக் கப்பல் கெளம்புனா ரெண்டு மாசத்துக்கு ஒண்ணும் போகாது. அறுபது எம்பிக்கு மேல அங்க மெயில் வாங்காதாம்."

வீடியோ நாற்பது நிமிடம். அண்ணன் காற்றில் அள்ளினார். "விநாடிக்கு எரநூறு கிலோபிட்." என் நோட்டும் அதையே சொன்னது.

ஆனால் வந்தது அறுபத்தொன்பது எம்பி. கடை வரலாற்றில் முதல் தவறு. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அடச்சே, ரசத்த மறந்துட்டேன்!"

ரசத்துக்கு ஒதுக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். அறுபதுக்குள் அடங்கியது. மடிக் காட்சியைப் போட்டால், ஊசி இறங்கும் நேரம் பார்த்து யாரோ கலர் பேப்பரை வெடித்திருந்தார்கள். பறக்கும் பேப்பர் ஒவ்வொன்றுக்கும் சாம்பார் வேண்டும். திரை முழுவதும் கட்டம் கட்டமாகச் சிதறியது. அதில் சட்டை எது, பையன் எது?

"இது யாரு மடியின்னே தெரியலையேண்ணே" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மென்பொருள் முதல் சுற்றில் எந்தக் காட்சிக்கு எவ்வளவு தேவை என்று பார்க்கும். இரண்டாம் சுற்றில் பரிமாறும். எங்கே அதிகம் ஊற்றியது என்று தேடினேன். ஆரம்பத்தில், ஒன்றரை நிமிடம், தங்கத்தூள் கொட்டக் கொட்டச் சுழலும் அண்ணனின் பெயர். கடையின் எல்லா வீடியோவுக்கும் முன்னால் போட அவர் எப்போதோ மூன்று நாள் உட்கார்ந்து செய்தது. பாதி அண்டாவை அதுவே குடித்திருந்தது.

என் திரையை அண்ணனே எட்டிப் பார்த்தார்.

"பரிமாற வந்தவன் மொத இலையில உக்காந்திருக்கேன், பாத்தீங்களா? எந்திரிச்சிர்றேன்" என்று பெயரை அழித்தார்.

மூன்றாம் முறை சட்டையின் கோடுகள்கூடத் தெரிந்தன. இரண்டரை மணிக்குக் கப்பலிலிருந்து அக்காவுக்குப் பதில் வந்தது: "சட்டை எனக்குன்னா இன்னும் எடுப்பா இருந்திருக்கும். பய ரொம்ப அழுதானாக்கா?"

வீட்டு டிவிக்குக் கொடுக்கும் பெரிய பிரதியைத் தயாரித்தது நான். அதில் அண்ணனின் பெயரைத் தங்கத்தூளோடு திரும்பச் சேர்த்தேன். அதற்கு மட்டும் கரண்டி அளவு பார்க்கவில்லை.