களைப்பை ஒழித்த தலைவர்

உலகத்தில் எத்தனையோ விமானக் கம்பெனிகள் உண்டு. ஆனால் விமானிகளின் களைப்பை வேரோடு ஒழித்த கம்பெனி ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெருமை முழுக்கச் சோர்வு மேலாண்மைப் பிரிவின் தலைவருக்கே சேரும். மூன்று வருடங்களில் விமானிகளிடமிருந்து அவருக்கு வந்த சோர்வு விண்ணப்பங்கள்: பூஜ்யம். அதற்கான விருதை வாங்கத்தான் அன்று மத்தியான விமானத்தில் அவர் கிளம்ப வேண்டியிருந்தது. ஏற்புரையைக் கண்ணாடி முன்னால் இரண்டு தடவை பேசிப் பார்த்தாயிற்று.

சாதனை சும்மா வந்துவிடவில்லை. விண்ணப்பம் பதினான்கு பக்கம். களைப்படைவதற்கு நாற்பத்தெட்டு மணி நேரம் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். திடீரென்று களைத்துப்போகிறவர்கள் திட்டமிடத் தெரியாதவர்கள் என்பது தலைவரின் கொள்கை. வீட்டிலிருந்து விமான நிலையம் வரும் இரண்டு மணி நேரக் கார் பயணமும் 'ஓய்வு' கணக்கில் சேரும். உட்கார்ந்துகொண்டுதானே வருகிறார்கள்?

ஏற்புரையை மூன்றாம் முறை தொடங்கும்போது ஒரு கேப்டன் உள்ளே வந்தார். மூலையில் கோட்டு மாட்டியிருந்த ஸ்டாண்டைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

“நான் இங்க இருக்கேன்,” என்றார் தலைவர்.

“சாரி சார். அஞ்சு நாளா விடியறதுக்கு முன்னாடியே ட்யூட்டி. மத்தியான ஃப்ளைட்லேருந்து என்னை எடுத்துடுங்க. முடியல.”

“முடியலைன்னு ரெண்டு நாள் முன்னாடியே ஏன் சொல்லல?”

“அப்ப முடிஞ்சுது சார்.”

“அப்புறம் என்ன ஆச்சு?”

“ரெண்டு நாள் ஓட்டினேன்.”

தலைவர் பரிவோடு சிரித்தார். “களைப்பெல்லாம் மனப்பிரமை கேப்டன். காலையிலேருந்து மூணு மீட்டிங் முடிச்சிருக்கேன். நான் எப்படி இருக்கேன் பாருங்க. போய் ஒரு காபி குடிங்க.”

“குடிச்சேன் சார். கப்புல காபி ஊத்த மறந்துட்டேன். கோ-பைலட்தான் எடுத்துச் சொன்னாரு.”

“பாத்தீங்களா, அவர் உஷாரா இருக்காரே.”

“சொல்லிட்டு, அதே கப்பை வாங்கி அவரும் ஒரு வாய் குடிச்சாரு.”

தலைவர் முகம் சுருங்கியது. “இன்னிக்குப் போய் நீங்க விண்ணப்பம் குடுத்தா பூஜ்யத்துக்கே மோசம் வந்துடும். கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க.”

கேப்டன் கிளம்பத் திரும்பினார். மேஜை மேல் கிடந்த பயணச்சீட்டு கண்ணில் பட்டது. “அட, நீங்களும் நம்ம ஃப்ளைட்தானா? முன் வரிசை வேற. நல்லதாப் போச்சு சார். நடுவுல நான் அசந்துட்டா ஒரு குரல் குடுங்க.” பிறகு அலமாரியைத் திறந்து உள்ளே போகப் பார்த்தார்.

“வாசல் அந்தப் பக்கம்,” என்றார் தலைவர்.

காலடிச் சத்தம் ஓய்ந்ததும் அவர் அறைக் கதவைத் தாழிட்டார். இழுப்பறையிலிருந்து பதினான்கு பக்கத்தையும் வெளியே எடுத்தார். சோர்வுக்குக் காரணம்: மூன்று மீட்டிங். விண்ணப்பித்த தேதி: முந்தாநாள். பரிந்துரைப்பவர், சரிபார்ப்பவர், அனுமதிப்பவர் என்று மூன்று இடத்திலும் தன் கையெழுத்தையே போட்டார். பரிந்துரை: ஒரு நாள் முழு ஓய்வு, அதன்பின் ரயில் பயணம், படுக்கை வசதியுடன்.

அலுவலக ஊழியரின் விண்ணப்பம் விமானிகள் கணக்கில் வராது என்பதால் பூஜ்யம் பத்திரமாக இருந்தது.

மத்தியான விமானம் குறித்த நேரத்தில், அதே கேப்டனோடு கிளம்பியது. முன் வரிசையில் ஒரே ஓர் இருக்கையைத் தவிர, எல்லாம் நிரம்பியிருந்தது.