நாற்பதில் ஒன்று

நாற்பது சூரிய மின்கலம் செய்து, முப்பத்தொன்பதைக் குப்பையில் போட்டுவிட்டு, மிஞ்சிய ஒன்றைப் பற்றியே ஆயுள் முழுக்கப் பேசுகிற ஓர் இனம் உண்டு. அதில் ஒருவரை நான் முதன்முதலில் பார்த்தது கௌனாஸ் நகரில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அன்று. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் என்ற மிதப்போடு கை நீட்டினேன். "இருபத்துநாலு புள்ளி ஒண்ணு," என்றார். பெயராக்கும் என்று நினைத்தேன். இல்லை, வெயிலில் நூற்றுக்கு எத்தனை பங்கை அவர் கலம் மின்சாரமாக்கும் என்ற கணக்கு. பெயர் வைடோதஸ், பேராசிரியர்.

நாங்கள் செய்வது பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்தாலான சூரியக் கலம்; வெயில் பட்டதும் அந்தப் படிகத்தில் பிறக்கும் மின்னூட்டத்தைச் சுமந்து வெளியே சேர்ப்பது மெல்லிய கரிமப் பூச்சு ஒன்று. வைடோதஸ் தம் பூச்சில் லித்தியம் உப்பு கலப்பார். உப்பு அந்த மின்சாரக் கணக்கை ஏற்றும். காற்றின் ஈரத்தையும் குடிக்கும். ஆகவே கலத்தைப் பொத்தியெடுத்து, ஓடிப்போய் விளக்கடியில் வைத்து, மின்னழுத்தத்தைக் கூட்டாமல் குறைத்துக்கொண்டே வந்து (கூட்டி அளந்தால் எண் சறுக்கும்), உச்ச எண் விழுந்த கணமே விளக்கை அணைத்துவிடுவார். ஏன் அணைக்கிறார்? இன்னும் ஒரு மணி நேரம் எரிந்தால் கலம் படுத்துவிடுவது தெரிந்துவிடுமே!

அவருடைய மாணவி ஸ்கைஸ்தேயின் பூச்சில் உப்பே கிடையாது; அவள் கலத்தின் எண் பத்தொன்பதுதான். கலங்களைப் பலகையாக்கிக் கூரையில் வெயிலிலும் பனியிலும் விட்டுப் பார்க்கும் சோதனையில் ஒரு பூச்சுக்குத்தான் இடம். அது கிடைக்காவிட்டால் அவளுடைய நாலு வருட உழைப்புக்குப் பட்டமில்லை.

"பத்தொம்பதா? வெளிய சொல்லாதம்மா, மானம் போயிடும்."

"உங்க இருபத்துநாலு எத்தனை நாள் தாங்கும், புரொபசர்?"

"பந்தயத்துல ஜெயிச்ச குதிரை மறுநாள் எந்திரிச்சுதான்னு யாராவது கேப்பாங்களா?"

கூரைச் சோதனைக்குப் பொறுப்பாளரான தொமிசேலே அம்மாள் கேட்டார். பலகைக்கு நாற்பது கலம் வேண்டும். வரிசையாகக் கோத்தால் மிக நோஞ்சான் கலம் விடுகிற அளவு மின்சாரம்தான் மற்றவற்றிலும் ஓடும்.

வைடோதஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்று.

"மீதி?"

"இதுதாங்க சாம்பியன்."

"ஒண்ணை வெச்சு நான் என்ன பண்ண? தோடுன்னாலும் ரெண்டு வேணுமே!"

ஸ்கைஸ்தே தன் தட்டை நகர்த்தினாள். நாற்பது. நாற்பதும் பத்தொன்பது.

சிரிக்கிறீர்கள். நேற்று நாற்பது படம் பிடித்து, ஒன்றை மட்டும் ஊருக்குக் காட்டியது யார்? நானும்தான், பத்துக்குப் பத்து வாங்கிய ஒரே பாடத்தை மட்டும் கிராமத்தில் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஸ்கைஸ்தே பட்டம் வாங்கிவிட்டாள். அவளுடைய பலகை இரண்டு பனிக்காலம் தாண்டிக் கூரையில் இருக்கிறது. வைடோதஸ் அதே கூடத்தில்தான் இருக்கிறார். இப்போது இருபத்துநாலு புள்ளி மூன்று.